பல முறை கவுன்சிலராக இருந்து மேயரானவர்: இவரோட அரசியல் பாதையை எப்படிப் படிக்கணும்?

ஈரடுக்குப்பாலம் கேட்டது:

உள்ளூர் மாத இதழ் ஒன்றுக்கு நாலு பக்கக் கட்டுரை எழுதணும். விஷயம் நெல்லை மேயர் ராமகிருஷ்ணன், ஊர்க்காரங்க வாயில் கிட்டு. 25ஆவது வார்டு கவுன்சிலர், மூணு முறை ஜெயிச்சவர், சைக்கிளில் வார்டைச் சுத்துறவர். 2024 ஆகஸ்டில் மேயரானார். நெட்டில் தேடினா கிடைக்கிறது எல்லாமே சைக்கிள் கதைதான். ஒரே போட்டோ, ஒரே நாலு வரி.

எனக்கு வேண்டியது வேற. ஒருத்தர் வார்டிலேயே பல காலம் இருந்துட்டு மேயர் நாற்காலிக்கு வர்றாருன்னா அதுக்குப் பின்னால என்னென்ன ஓடுது? சட்டம் என்ன சொல்லுது, கவுன்சிலர்கள் ஓட்டு எப்படி விழுது, அவர் கவுன்சிலரா என்ன செஞ்சார்னு எந்தக் காகிதத்தில் பார்க்கலாம்? எல்லா மாநகராட்சிக்கும் பொருந்துற மாதிரி சொன்னாலும் சரி, நெல்லையை வச்சே சொன்னாலும் சரி. கட்சிச் சண்டை வேண்டாம், ப்ளீஸ்.

---

மாமன்றக்குறிப்பு பதில்:

முதலில் "மூன்று முறை கவுன்சிலர்" என்பதை ஒழுங்காகக் கணக்குப் போடுங்கள். பத்திரிகைகள் இதை 15 வருடம் என்று எழுதிவிட்டுப் போய்விடும். தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு செல்லாது.

நெல்லை மாநகராட்சி ஆனது 1994இல். அதற்குப் பிறகு மாநகராட்சிக்கு நடந்த பொதுத் தேர்தல்கள் ஐந்துதான்: 1996, 2001, 2006, 2011, 2022. கடைசி இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2022 மார்ச் 2 அன்று புதியவர்கள் பதவியேற்கும்வரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் எந்த ஊரிலும் நகராட்சி, மாநகராட்சி கவுன்சிலரே கிடையாது. மன்றத்துக்குப் பதிலாக ஓர் அதிகாரியே எல்லாம் பார்க்கும் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்தில் "எங்க கவுன்சிலர்" என்று மக்கள் கூப்பிட்டவர்கள் சட்டப்படி முன்னாள்தான். ஆகவே யாரைப் பற்றி எழுதினாலும் இந்த ஐந்து தேர்தலில் எவை எவற்றில் நின்றார், எதில் வென்றார், எந்த வார்டு எண்ணில் என்று ஒரு சின்ன அட்டவணை போட்டுக்கொண்டு தொடங்குங்கள். தொடர்ச்சியா, நடுவில் விட்டுப் பிடித்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

வார்டு எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. 2022 தேர்தல் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி எல்லை மறுவரையறை செய்த வார்டுகளில் நடந்தது. நெல்லையில் மொத்தம் 55 என்பது மாறவில்லை. உள்ளே எல்லைகள் மாறின. கோவையும் மதுரையும் 2011இலேயே 72இலிருந்து 100 ஆகிவிட்டன. சென்னை 155இலிருந்து 200. பழைய 25உம் இன்றைய 25உம் ஒரே தெருக்கள்தானா என்று பார்க்காமல் "அதே வார்டில்" என்று எழுதாதீர்கள். தெருப் பெயர்ப் பட்டியலை வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது மேயர் தேர்தல் முறை. 1996, 2001, 2011 மூன்றிலும் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத் தனி ஓட்டு. 2006இலும் 2022இலும் மறைமுகம்: கவுன்சிலர்களில் ஒருவரை கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பது. நடுவில் சட்டம் போன தடுமாற்றம் வேறு: 2016இல் மறைமுகத்துக்கு மாற்றினார்கள், 2018இல் நேரடிக்குத் திரும்பினார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து மறுபடி மறைமுகம்.

ஒரு நீண்டகால கவுன்சிலரின் தலையெழுத்தையே மாற்றுவது இதுதான். நேரடித் தேர்தலில் நகரம் முழுக்கத் தெரிந்த முகம் வேண்டும். கவுன்சிலராக ஒரு நாள்கூட இருந்திருக்க வேண்டாம். 1996இல் மு.க.ஸ்டாலினும் 2011இல் சைதை துரைசாமியும் சென்னையில் மேயரானது அந்த வழியில். நெல்லையில் 2011இல் வென்ற விஜிலா சத்தியானந்தும் நேரடி மேயர்தான். 2014இல் மாநிலங்களவைக்குப் போனார். மறைமுகத் தேர்தலில் அப்படி முடியாது. முதலில் ஒரு வார்டில் ஜெயித்திருக்க வேண்டும். 2006இல் மா.சுப்பிரமணியன் சென்னை மேயரானது இந்த வழியில். வார்டை விட்டு நகராத ஒருவருக்கு மேயர் கதவு திறப்பது மறைமுகத் தேர்தல் இருக்கும்போது மட்டுமே என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

---

தச்சநல்லூரான் பதில்:

அண்ணாச்சி, 2024 ஆகஸ்ட் 5 ஓட்டுக் கணக்கை மட்டும் நான் சொல்லுதேன். அதுலதான் விஷயமே இருக்கு.

2022ல நெல்லையில திமுக கூட்டணி 51, அதிமுக 4. மேயரா வந்தவர் பி.எம்.சரவணன். கொஞ்ச நாள்லயே சொந்தக் கட்சி கவுன்சிலர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகல. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கேட்டு மனுக் குடுத்தாங்க. 2024 ஜனவரி 12ல கூட்டம் போட்டா, கையெழுத்துப் போட்ட கவுன்சிலர்களே ஒருத்தரும் வரல. தீர்மானம் அப்படியே விழுந்துது. அப்புறம் ஜூலையில சரவணன் ராஜினாமா. புது மேயர் வர்ற வரைக்கும் துணை மேயர் கே.ஆர்.ராஜு பொறுப்பு பாத்தார்.

ஆகஸ்ட் 5ல கட்சி நிறுத்தின ஆள் கிட்டு. எதிர்த்து நின்னவர் பவுல்ராஜ், 6ஆவது வார்டு, அவரும் திமுக கவுன்சிலர்தான். 54 ஓட்டு விழுந்துது. கிட்டுவுக்கு 30, பவுல்ராஜுக்கு 23, ஒண்ணு செல்லாது.

இப்ப கழிச்சுப் பாருங்க. அதிமுக ஓட்டு நாலும் பவுல்ராஜுக்கே போச்சுன்னு வச்சாலும், மிச்சம் 19 ஓட்டு ஆளுங்கூட்டணிக்குள்ள இருந்து போயிருக்கணும். குறைஞ்சது 19. 51 பேர் இருக்கிற அணியில 30தான் கிடைச்சுது. "சைக்கிள் மேயர் வெற்றி"ன்னு தலைப்பு போட்ட எவனும் இந்தக் கழித்தலைப் போடல.

மறுநாள் ஆகஸ்ட் 6ல கோவையில ரங்கநாயகி, 29ஆவது வார்டு, போட்டியே இல்லாம மேயரானாங்க. அங்கயும் இருந்த மேயர் கல்பனா ஆனந்தகுமார் ராஜினாமா பண்ணின இடம்தான். ஒரே கட்சி, ஒரே வாரம், ஒரே மாதிரி காலியிடம். ஒரு ஊர்ல ஏகமனசு, இன்னொரு ஊர்ல 30-23. அந்த வித்தியாசத்தை எழுதுனா கட்டுரை நிக்கும்.

கட்சி மாறி ஓட்டுப் போட்டா பதவி போகாதான்னு கேப்பீங்க. போகாது. கட்சித் தாவல் தடைச் சட்டம் எம்.பி., எம்.எல்.ஏ.வுக்குத்தான், கவுன்சிலருக்கு இங்க கிடையாது. போதாக்குறைக்கு ரகசிய வாக்கெடுப்பு. யார் மாத்திப் போட்டான்னு நிரூபிக்கவும் முடியாது. கட்சி கூப்பிட்டு விசாரிக்கலாம், நீக்கலாம். கவுன்சிலர் பதவி அப்படியே இருக்கும்.

---

மாமன்றக்குறிப்பு பதில்:

தச்சநல்லூராரின் கழித்தல் சரி. கூடவே நாகர்கோவிலையும் வையுங்கள். 2022 மார்ச் 4, மொத்தம் 52 வார்டு, திமுக கூட்டணியிடம் 32. திமுகவின் மேயர் வேட்பாளர் மகேஷுக்கு விழுந்தது 28, பாஜகவின் மீனாதேவுக்கு 24. பாஜகவுக்குச் சொந்தமாக இருந்ததோ 11 பேர். கடலூரிலும் அன்று கட்சி வேட்பாளரை எதிர்த்துக் கட்சிக்காரரே நின்றார். கூட்டணிக்கு ஒதுக்கிய நகராட்சி, பேரூராட்சிப் பதவிகளில் போட்டியிட்டு வென்ற திமுகவினரை ராஜினாமா செய்யச் சொல்லி முதல்வரே அன்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். நெல்லை தனிக் கதை இல்லை.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேர்தல் நடத்தும் அலுவலர் ஆணையர். கூட்டம் மன்ற அரங்கிலேயே. மேயர் வேட்பாளரை ஒரு கவுன்சிலர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஒரே மனு என்றால் அங்கேயே அறிவிப்பு, இரண்டு என்றால் பெட்டி. கவுன்சிலர்களில் பாதிப் பேராவது வராவிட்டால் கோரம் இல்லை என்று ஒத்திவைப்பார்கள். 2022இல் சில நகராட்சிகளில் இப்படித் தள்ளிப்போனது. சம ஓட்டு விழுந்தால் குலுக்கல். பொதுத் தேர்தலுக்குப் பின் நடக்கும் முதல் தேர்வில் காலை மேயர், மதியம் துணை மேயர். தேர்வானவர் வார்டு கவுன்சிலராகவும் தொடர்வார். ராஜினாமா வேண்டாம், இடைத்தேர்தல் வேண்டாம். கிட்டு இன்றும் 25ஆவது வார்டின் கவுன்சிலர்தான்.

---

ஈரடுக்குப்பாலம்:

ரெண்டு பேருக்கும் நன்றி. 19 ஓட்டுக் கணக்கு நான் பார்க்கவே இல்லை. இனி மிச்சம் இருக்கிறது அவர் கவுன்சிலரா இருந்த காலம். எதை வச்சு மதிப்பிடறது? வார்டில் போய்க் கேட்டா பிடிச்சவங்க ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க, பிடிக்காதவங்க ஒண்ணுமே நடக்கலன்னு சொல்றாங்க.

---

எம்புக் பதில்:

வார்டு மக்கள் சொல்வதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தீர்மானப் புத்தகம்.

மாநகராட்சி மன்றம் மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொருள் நிரல் அச்சிட்டு கவுன்சிலர்களுக்குப் போகும்; எல்லாரும் அஜெண்டா என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு, அதன் கீழே "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்ற வரி. கூட்டம் முடிந்ததும் தீர்மானம் எண் போட்டு, நிறைவேற்றப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது, திருப்பி அனுப்பப்பட்டது என்று பதிவாகும். தனி அலுவலர் காலத்திலும் தீர்மானங்கள் உண்டு. ஆனால் எழுதியவரும் ஏற்றவரும் ஒரே அதிகாரி. ஆகவே 2016 முதல் 2022 வரை உள்ளதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

அதைப் பெற தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ் மனு. மாநகராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மனுவில் பெரும்பாலோர் தவறுவது கேள்வியில். "25ஆவது வார்டில் கவுன்சிலர் செய்த பணிகள் என்ன" என்று கேட்டால் "அவ்வாறான பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் திரும்பிவிடும். உண்மையிலேயே அப்படி ஒரு பதிவேடு கிடையாது. இப்படிக் கேளுங்கள்: இந்த ஆண்டு ஏப்ரல் முதல் அடுத்த ஆண்டு மார்ச் வரை, இந்த வார்டு எண் குறிப்பிடப்பட்ட பணிகளின் பெயர், நிதி ஆதாரம், மதிப்பீட்டுத் தொகை, பணி ஆணை தேதி, பணி முடிந்த தேதி, இறுதிப் பட்டியல் தொகை. ஒரு மனுவுக்கு ஒரு நிதியாண்டு போதும். பல ஆண்டுகளை ஒரே மனுவில் கேட்டால் "தகவல் விரிவானது, நேரில் வந்து பார்வையிடலாம்" என்பார்கள். அது மோசமில்லை. போய்ப் பாருங்கள்.

வந்த பட்டியலை எப்படிப் படிப்பது? ஒரு வடிகால் பணியை எடுத்துக்கொள்வோம். கவுன்சிலர் மனுக் கொடுக்கிறார். இளநிலைப் பொறியாளரோ உதவிப் பொறியாளரோ வந்து டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம் எடுத்து எஸ்டிமேட் போடுகிறார். உதவிச் செயற்பொறியாளர், செயற்பொறியாளர் வழியாகத் தொழில்நுட்ப அனுமதி. தொகையைப் பொறுத்து ஆணையரோ மன்றமோ நிர்வாக அனுமதி. பிறகு டெண்டர், ஒப்பந்தம், பணி ஆணை. வேலை நடக்க நடக்க அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், பதிவு. மேலதிகாரி சரிபார்ப்பு அளவீடு. கடைசியில் பில். இந்தச் சங்கிலியில் கவுன்சிலருக்கு எந்த இடத்திலும் கையெழுத்து அதிகாரம் இல்லை. அவர் செய்யக்கூடியது இரண்டு: தொடக்கத்தில் பணியை உள்ளே தள்ளுவது, நடுவில் நிற்கும் கோப்பை நகர்த்த வைப்பது. மனுக் கொடுத்த தேதியும் எஸ்டிமேட் தேதியும் பணி ஆணை தேதியும் கிடைத்தால், நல்ல கவுன்சிலர் யார் என்பது அந்த இடைவெளிகளில் தெரியும். அடிக்கல்லில் தெரியாது.

பொதுவாக வேலை நிற்கும் இடங்கள் மூன்று. எஸ்டிமேட் போட்டாச்சு, நிதித் தலைப்பு இல்லை. டெண்டர் விட்டாச்சு, ஒருத்தரும் எடுக்கவில்லை. சின்ன வேலை, குறுகலான தெரு, பழைய பில்லே பாக்கி என்றால் ஒப்பந்ததாரர் வர மாட்டார். மூன்றாவதுதான் அதிகம்: சாலை போடப் போகும் நேரத்தில் பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ அதே தெருவைத் தோண்ட வேண்டியிருக்கிறது, ஆகவே "அந்தப் பணி முடிந்த பிறகு" என்று குறிப்பு எழுதிக் கோப்பு படுத்துவிடும். அனுபவமுள்ள கவுன்சிலர் இந்த வரிசையை முன்கூட்டியே பார்த்து, முதலில் குழாய், பிறகு வடிகால், கடைசியில் சாலை என்று கேட்பார். புதியவர் சாலையைத்தான் முதலில் கேட்பார், ஏனென்றால் மக்கள் கேட்பதும் அதையே. ஆறே மாதத்தில் புதுச் சாலையை வெட்டுவார்கள்.

நிதி ஆதாரம் என்ற பத்தியை விடாதீர்கள். பொதுநிதி, நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத், நெல்லையில் சீர்மிகு நகரத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி என்று பல தலைப்பு. எம்.எல்.ஏ. நிதியில் கட்டிய நிழற்குடையைக் கவுன்சிலர் சாதனையில் சேர்ப்பது வழக்கமாக நடப்பது. நமக்கு நாமே திட்டத்தில் வந்த பணி என்றால் கூர்ந்து பாருங்கள். அதில் மக்கள் பங்களிப்பு கட்டியாக வேண்டும், யாரோ ஒருவர் தெருவில் பேசிப் பணம் திரட்டியிருக்கிறார். வார்டில் ஒருவருக்கு உண்மையிலேயே செல்வாக்கு உண்டா என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று, மன்றத்தில் அவர் பேசியது. தீர்மானப் புத்தகத்தில் பேச்சு முழுதாக இருக்காது, முடிவு மட்டும்தான். கவுன்சிலர்கள் வார்டு பிரச்சினையைக் கிளப்புவது பெரும்பாலும் நேரமில்லா நேரத்தில், அதாவது அஜெண்டாவில் இல்லாததைப் பேச விடும் ஜீரோ ஹவரில். அதற்கு மறுநாள் பத்திரிகைகளின் நெல்லைப் பதிப்புதான் ஆதாரம். நூலகத்தில் கூட்ட தேதிகளை வைத்துக்கொண்டு அதற்கு மறுநாள் தாளை மட்டும் புரட்டினால் போதும், வருடத்துக்குப் பன்னிரண்டோ பதினைந்தோ தாள்தான் வரும்.

---

சுழற்சிமுறை பதில்:

எம்புக் சொன்ன வேலையை எல்லாம் ஒருத்தர் பிரமாதமா செஞ்சிருந்தாலும் மேயராக முடியாம போறதுக்கு ஒரே ஒரு அரசாணை போதும். இட ஒதுக்கீடு.

2022 ஜனவரியில 21 மாநகராட்சிக்கும் மேயர் பதவி ஒதுக்கீடு வந்தது. சென்னையும் தாம்பரமும் பட்டியலினப் பெண்களுக்கு. ஆவடி பட்டியலினப் பொது. கோவை, மதுரை, ஈரோடு, கரூர், வேலூர், கடலூர், திண்டுக்கல், சிவகாசி, காஞ்சிபுரம் இந்த ஒன்பதும் பெண்களுக்கு. மிச்சம் ஒன்பது பொது: நெல்லை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், ஓசூர், திருப்பூர், கும்பகோணம், நாகர்கோவில், தூத்துக்குடி. நெல்லை அந்தக் கடைசிப் பட்டியல்ல இல்லாம இருந்திருந்தா, சைக்கிள்ல எத்தனை வருஷம் சுத்தியிருந்தாலும் கிட்டு பேர் பரிசீலனைக்கே வந்திருக்காது. மதுரையிலயும் கோவையிலயும் அனுபவசாலியான ஆண் கவுன்சிலர்கள் அத்தனை பேரும் அன்னைக்கு ஒரே நாள்ல வரிசையை விட்டு வெளியே போனாங்க. நான் இதைக் குறைன்னு சொல்லல. பெண்களுக்கு 50 சதவீதம் வந்ததாலதான் பல வார்டுல முதல் தடவையா பெண்கள் உள்ளேயே வந்தாங்க. கட்டுரையில "உழைப்புக்குக் கிடைத்த பரிசு"ன்னு ஒரு வரி எழுதத் தோணும்ல, அதை எழுதுறதுக்கு முன்னாடி இந்தப் பட்டியலைப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

வார்டுக்கும் இதே கதை. ஒரு கவுன்சிலரோட வார்டு அடுத்த சுற்றுல பெண்கள் வார்டா மாறினா அவருக்கு மூணு வழி: பக்கத்து வார்டுக்குப் போறது, மனைவியையோ மகளையோ நிறுத்துறது, ஒதுங்கி நிக்கிறது. ஒரே ஆள் பல முறை ஜெயிச்சார்னா, ஒவ்வொரு முறையும் அந்த வார்டு எந்த ஒதுக்கீட்டுல இருந்ததுன்னு பக்கத்துல எழுதிக்கோங்க. சில பேரோட வாழ்க்கையில நடுவுல காணாமப்போற ஒரு தவணை தோல்வியே கிடையாது, ஒதுக்கீடு.

அப்புறம் கட்சிப் பொறுப்பு. வார்டு வேலை மட்டும் செஞ்சு மேயரானவங்க குறைவு. திருச்சி மு.அன்பழகனைப் பாருங்க: முன்னாடி துணை மேயர், 2014ல நாடாளுமன்ற வேட்பாளர், மாநகரச் செயலாளர், 2022ல மேயர். இது வழக்கமான ஏணி. கும்பகோணத்துல ஆட்டோ ஓட்டுற காங்கிரஸ் கவுன்சிலர் சரவணன் மேயரானது இன்னொரு வகை. கூட்டணிக்கு ஒதுக்கின இடம், அங்க ஜெயிச்ச அந்தக் கட்சிக்காரங்க ரொம்பக் கொஞ்சம் பேர். கிட்டு மூணாவது வகை. இருந்தவர் போன பிறகு, பிளந்து கிடக்கிற அணியை ஒட்ட வைக்க ஒரு ஆள் தேவைப்பட்ட நேரத்துல வந்தவர். பெரிய கோஷ்டித் தலைவரா இல்லாதது அந்த நேரத்துல தகுதியாச்சுங்கிறது என் கணிப்பு. 30-23ஐப் பார்த்தா அதுகூட எல்லாரையும் ஒட்ட வைக்கலன்னும் தெரியுது.

---

தச்சநல்லூரான்:

கோஷ்டித் தலைவரா இல்லாதது தகுதின்னு சொல்லுறது பாதி சரி. அதுவே மேயரான பிறகு பலவீனமாவும் ஆகும். மாசாமாசம் கூட்டம் நடத்தணும்லா. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 23 பேரும் எதிரேதான் உக்காந்திருப்பாங்க.

---

எம்புக் பதில்:

அதற்கு மேயரின் அதிகாரம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். வெளியில் நினைப்பதைவிடக் குறைவு. கவுன்சிலர்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

நிர்வாகம் ஆணையர் கையில். ஊழியர் இடமாற்றம், காசோலை, டெண்டர், ஒப்பந்தக் கையெழுத்து எதுவும் மேயரிடம் இல்லை. மேயர் மன்றத்துக்குத் தலைமை, எந்தப் பொருள் எப்போது மன்றத்துக்கு வர வேண்டும் என்பதில் அவருக்குப் பிடி உண்டு. அவசரப் பணிக்கு மேயரின் முன் அனுமதி பெற்று வேலையைத் தொடங்கிவிட்டு, பிறகு மன்றத்தின் "பின்னேற்பு" பெறும் வழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அஜெண்டாவில் இந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். குழாய் உடைப்பு, மழைக்கால மோட்டார் வாடகை என்றால் நியாயம். வழக்கமான கொள்முதலும் பின்னேற்புக்கு வருகிறது என்றால் கவுன்சிலர்கள் கொந்தளிப்பார்கள், அதுவும் நியாயம். ஒரு மேயர் மாறியதற்கு முன்னும் பின்னும் இந்த எண்ணிக்கையை ஒப்பிட்டால் மேடைப் பேச்சைவிட அதிகம் சொல்லும்.

மேயரை இறக்குவது எளிதில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதாது, அதைவிட நிறையப் பேர் வேண்டும். வராதவர்கள் மேயருக்குச் சாதகம். நெல்லையில் ஜனவரியில் நடந்ததே காஞ்சிபுரத்தில் 2024 ஜூலை 29இலும் நடந்தது, ஒருவர்கூட வரவில்லை, மேயர் மகாலட்சுமி தப்பினார். ஆகவே 23 பேர் எதிரே இருந்தாலும் நாற்காலிக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வேலைக்குத்தான்: கூட்டத்தில் பொருள்களை ஒத்திவைக்கச் சொல்லலாம், வெளிநடப்பு செய்யலாம், கோரம் குறையும்படி பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கே வராமல் முழுதாக ஒதுங்கவும் முடியாது. தொடர்ந்து மூன்று மாதம் வராத கவுன்சிலர் பதவி இழப்பார். அதனால்தான் பலர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளிநடப்பு செய்கிறார்கள். வருகைப் பதிவேடும் ஆர்.டி.ஐ.யில் கேட்கக்கூடியதே.

பணம் பற்றி யாராவது கேட்டால்: 2023 ஜூலை முதல் மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000 மதிப்பூதியம். அதற்கு முன் கவுன்சிலருக்குக் கூட்டத்துக்கு இவ்வளவு என்று அமர்வுப்படிதான், அது சில நூறு. பல தவணை கவுன்சிலராக இருந்தவர் அந்தக் காலமெல்லாம் எதை வைத்துப் பிழைத்தார் என்று பாருங்கள். வேட்பு மனுவோடு கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, தொழில், கடன், வழக்கு எல்லாம் இருக்கும்.

---

மாமன்றக்குறிப்பு:

அந்தப் பத்திரத்துக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தேடாதீர்கள், அங்கே இருக்காது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம், அலுவலகம் தளம் எல்லாமே வேறு. பழைய தேர்தல்களுக்கு மாநகராட்சியின் தேர்தல் பிரிவிலும் கேட்டுப் பாருங்கள். எத்தனை வாக்கு வித்தியாசத்தில் வென்றார் என்பதையும் அப்போதே வாங்கிவிடுங்கள். மாநகராட்சி வார்டில் பல நேரம் நூறு, இருநூறு ஓட்டில் முடிவு மாறும். ஒவ்வொரு தேர்தலிலும் வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறதா, கட்சி அலையோடு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தால் அது அவருடைய சொந்த ஓட்டா கட்சி ஓட்டா என்று பிரிக்கலாம். ஒப்பிட அதே கட்சி பக்கத்து வார்டில் பெற்ற வாக்கு வித்தியாசத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

ஈரடுக்குப்பாலம்:

அட்டவணை போட ஆரம்பிச்சாச்சு: தேர்தல் ஆண்டு, வார்டு எண், ஒதுக்கீடு, வாக்கு வித்தியாசம், பக்கத்து வார்டு. ஆர்.டி.ஐ. மனுவை எம்புக் சார் சொன்ன மாதிரி ஒரு நிதியாண்டுக்கு ஒண்ணா பிரிச்சு எழுதறேன். 2022-23லிருந்து தொடங்கலாமா, இல்ல பழைய தவணையிலிருந்தா?

---

எம்புக்:

2022-23இலிருந்தே தொடங்குங்கள். பழைய தவணைக் கோப்புகள் பதிவறைக்குப் போயிருக்கும், தேடி எடுக்க நாள் ஆகும், முதல் மனுவிலேயே அதைக் கேட்டால் மொத்தமும் தாமதமாகும். 2024-25க்கு மட்டும் மனுவை இரண்டாகப் பிரியுங்கள்: ஆகஸ்ட் 5 வரை ஒன்று, அதற்குப் பிறகு ஒன்று. அவர் கவுன்சிலராக இருந்தபோது 25ஆவது வார்டுக்கு வந்த பணி எவ்வளவு, மேயரான பிறகு எவ்வளவு, அதே காலத்தில் எதிர்த்து நின்ற பவுல்ராஜின் 6ஆவது வார்டுக்கு எவ்வளவு என்று மூன்று எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும்.